சவரிமுத்து தொடாத கட்டை

என் மகனுக்கு,

நீ கேட்டு ஒரு வருஷம் ஆகிறது. போன தவக்காலத்தில் லீவுக்கு வந்தவன், மடிக்கணினியை அரிசி டப்பாமேல் தூக்கி வைத்து, சமையலறையிலேயே என்னைப் பெரிய வெள்ளிப் புலம்பல் பதினொன்றையும் பாடவைத்துப் பதிந்துகொண்டு போனாய். போகிறபோது, “எம்மா, இத நான் செய்யுற பாட்டுச் செயலியோட சேத்து எல்லாருக்கும் குடுக்கட்டுமா?” என்று கேட்டாய். “பாப்போம்” என்றேன். அதன்பிறகு நீ போனில் கேட்கும்போதெல்லாம் தண்ணீர் வண்டி வந்துவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன். நம் தெருவுக்குத் தண்ணீர் வண்டி வாரத்தில் இரண்டு நாள்தான் வரும் என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் நீ மடக்கிக் கேட்கவில்லை. இந்த வருஷம் நான் பாடிப் பார்த்தேன். நாலாவது புலம்பலில் மூச்சு எட்டாமல் நிறுத்திவிட்டேன். இனி நீ பதிந்து வைத்திருப்பதுதான் என் பாட்டு. அதனால் பதில் சொல்லிவிடுகிறேன். அஞ்சாம் வகுப்புக் கையெழுத்து, பொறுத்துப் படி. போனில் சொல்லாமல் தாளில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. இது உனக்கு மட்டும் சொல்கிற சங்கதி இல்லை, ஊரும் படிக்கவேண்டியது. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

கோயில் பாட்டு மாஸ்டர்மேல் இருக்கிற கோபத்தில்தான் நான் சம்மதிக்கவில்லை என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அப்படி நினைக்கும்படி நானும் விட்டுவிட்டேன். அந்தக் கோபம் பொய்யில்லை. அந்த ஆளின் பெயரை நாற்பத்தாறு வருஷமாக என் வாயால் சொன்னதில்லை, இந்தத் தாளிலும் எழுதப்போவதில்லை. எனக்கு மறதி கிடையாது, அது உனக்கும் தெரியும். என் கல்யாணப் பந்தியில் உன் பெரியத்தை எனக்கு மட்டும் சீலா மீனின் வால் துண்டை வைத்துவிட்டுப் போனாள். இன்றைக்கும் அவள் வீட்டு விசேஷத்தில் நான் கை நனைப்பதில்லை. அப்படிப்பட்ட என்னிடம் வந்து நீ என்ன சொன்னாய்?

“எம்மா, மாஸ்டரும் கேட்டாவ. அவுங்க கம்ப்யூட்டர்லயும் போட்டுத் தாரேன்னு சொல்லியிருக்கேன்.”

“ஊருக்கெல்லாம் குடு. அந்த ஆளுக்கு மட்டும் குடுக்காத.”

“அப்படிக் குடுக்க முடியாதும்மா. கட்டற்ற மென்பொருள்னா யாரு வேணா எடுக்கலாம், பிரிச்சுப் பாக்கலாம், மாத்தலாம், அடுத்த ஆளுக்குக் குடுக்கலாம். ஒருத்தர விலக்கினாக்கூட அந்தப் பேரு அதுக்கு ஒட்டாது.”

“செஞ்சவன் நீ. ஒனக்கு இல்லாத அதிகாரமா?”

“அந்த அதிகாரத்த விட்டுட்டுத்தாம்மா குடுக்கேன்.”

அந்தப் பேச்சு எனக்கு அன்றைக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை.

என்னைக் கோயில் பாட்டிலிருந்து விலக்கியது உனக்குத் தெரிந்த கதை, இருந்தாலும் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தவக்காலத்தில் பெண்கள் புலம்பல் பாடுவது எங்கள் தெரு வழக்கம். ஒருத்தி வாயை மூடி ‘ம்’ என்று அடிச்சுருதியைப் பிடித்துக்கொள்வாள், மற்றவர்கள் அதன்மேல் ஏறிப் பாடுவோம். பெரிய வெள்ளியன்று கோயிலில் மணியும் அடிக்காது, ஆர்மோனியப் பெட்டியும் திறக்காது. எங்கள் தொண்டை மட்டும்தான். புதிதாக வந்த மாஸ்டர், பெண்களை ஒழுங்குபடுத்தப்போவதாகச் சொல்லி, ஒத்திகையில் பெட்டியை வைத்து எங்களைப் பாடச் சொன்னார். நீ அப்போது வயிற்றில் ஏழு மாதம். அவர் போட்டிருந்த வெளிர்மஞ்சள் சட்டையின் பையில் மை ஒழுகி ஒரு நீலப் பொட்டு இருந்தது. இரண்டாவது வரியிலேயே கையைத் தூக்கி நிறுத்தினார்.

“ஏளா, ஒனக்கு எறங்குது. தூக்கு.”

“எறங்கல மாஸ்டர். அது அங்கனதான் இருக்கு.”

“பெட்டி பொய் சொல்லுமா? பெட்டியக் கேட்டுப் பாடு.”

“பெட்டிதான் தூக்கிக்கிட்டு நிக்குது.”

பெண்கள் சிரித்துவிட்டார்கள். சிரிக்காமல் இருந்திருந்தால் ஒருவேளை விட்டிருப்பார். “அஞ்சாப்பு படிச்சவ ஆர்மோனியத்துக்குப் பாடம் நடத்துதா பாருங்க. நீ வீட்டுல போய் ஒம் புள்ளைக்குப் பாடு. இங்கன வேண்டாம்” என்றார். நான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

எனக்கு என் காதுமேல் சந்தேகம் வரவில்லை. என் அப்பா சங்கு குளிக்கிறவர். ஆழத்துக்குப் போய்ப் போய் ஒரு காது முழுக்கப் போய்விட்டது, மற்றதில் கொஞ்சம் கேள்வி மிச்சம் இருந்தது. நானும் அக்காவும் அந்தக் காதுப் பக்கம் நெருங்கி உட்கார்ந்து பாடவேண்டும், அக்கா அடிச்சுருதி, நான் மேலே. எங்கள் இரண்டு குரலும் சேராவிட்டால் அவருக்கு வார்த்தை கேட்காது, ஆனால் ஒரு நடுக்கம் கேட்கும். “அலையுது, அலையுது” என்று தலையை ஆட்டுவார். நான் ஒரு மயிரிழை இறக்கினதும் அந்த நடுக்கம் நின்றுபோகும். “ஆங், கட்டியாச்சு” என்பார், வள்ளத்தைக் கரையில் கட்டினவர்போல. எட்டு வயதிலிருந்து அப்படிக் கட்டிப் பழகிய சுரத்தை ஒரு பெட்டிக்காகத் தூக்கு என்றால் எப்படித் தூக்குவேன்?

நீ அன்றைக்கு அரிசி டப்பாமேல் கணினியைத் திறந்து காட்டியது இதைத்தான். தொண்டை தானாகப் போய் நிற்கிற இடத்தில் சுரங்களை வைத்து மெட்டமைக்கிற செயலி என்றாய். அதற்கு ஜஸ்ட் இன்டொனேஷன் என்று ஒரு பேர் சொன்னாய், எனக்கு வாயில் நுழையவில்லை. திரையில் பெட்டியின் சுரம் ஒரு கோடு, என் குரல் ஒரு கோடு, இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி. “எம்மா, நீ எறக்கிப் பாடல. பெட்டியில விரல் வைக்குற அந்தக் கட்டையக் கொஞ்சம் தூக்கித்தான் வச்சிருப்பாங்க. அடிச்சுருதி நாலு ஆட்டம் ஆடுற நேரத்துல ஒன் காந்தார சுரம் சரியா அஞ்சு ஆட்டம் ஆடுது” என்றாய். எனக்குப் புரிந்தது. பக்கத்துப் பக்கத்தில் கட்டிய இரண்டு வள்ளங்களில் ஒன்று நாலு தரம் அசைகிற நேரத்தில் மற்றது அஞ்சு தரம் அசைந்தால், அஞ்சாவதில் இரண்டு மூக்கும் ஒன்றாகத் தூக்கும். அவ்வளவுதானே? நீ ஜெயித்தவன்மாதிரிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். நாற்பத்தைந்து வருஷம் காத்திருந்த சிரிப்பு அது.

அதோடு நீ நிறுத்தியிருக்கலாம். “இன்னொண்ணு காட்டுதேன்” என்று ஆண்கள் பாடுவதற்குத் தோதாகச் சுருதியை மாற்றினாய். “பழைய பெட்டியில ஒன் காந்தாரத்துக்குச் சரியா அந்தக் கட்டைய எறக்கி வச்சிட்டோம்னு வையி. சுருதிய மாத்தினா அதே கட்டை பஞ்சமமா வந்து நிக்கும். அப்ப அழும். கேளு.” தட்டினாய். அழுதது. “அதுக்காகத்தான் பெட்டியில எல்லாக் கட்டையையும் கொஞ்சங் கொஞ்சம் தப்பா வச்சு சமாளிக்காங்க. நம்ம செயலியில அப்படி இல்ல. பாட்டு எந்தச் சுருதிக்குப் போனாலும் ஒவ்வொரு சுரமும் அதது எடத்துக்கு நகந்து குடுக்கும்.” மறுபடி தட்டினாய். அழுகை நின்றது. நான் எழுந்து, “குழம்பு அடிப்பிடிக்குது” என்று திரும்பிக்கொண்டேன். அடுப்பில் குழம்பே இல்லை. நீ அதையும் கேட்கவில்லை.

அந்தக் கட்டை அழுததை நான் முன்னமே கேட்டிருக்கிறேன், ஐயா. அதை அழவைத்தவள் நான்.

இனி எழுதப்போவது உன் அப்பாவுக்குக்கூடத் தெரியாமல் போனது. எங்கள் கோயிலைச் சனிக்கிழமைதோறும் தெருப் பெண்கள் முறைவைத்துக் கழுவுவோம். பாட்டை விட்டு விலக்கினார்களே தவிர, கழுவுகிற முறையை விட்டு யாரும் விலக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை என் முறை. கூட வந்தவள் பீட விரிப்புகளைத் துவைக்க வாளியோடு கிணற்றடிக்குப் போயிருந்தாள். வெயில் பலகணி வழியாகப் பெட்டிமேல் விழுந்துகொண்டிருந்தது. அதற்குச் சில வாரம் முன்னால், துருத்தி கிழிந்ததென்று சவரிமுத்து வந்து பெட்டியைப் பிரித்தபோது நான் பக்கத்தில் நின்று பார்த்திருந்தேன். சவரிமுத்து என்பவர் இந்தக் கடற்கரைக் கோயில்களுக்கெல்லாம் ஆர்மோனியம் பழுதுபார்க்கிறவர், மெலிந்த ஆள், வேலை செய்யும்போது தனக்குத்தானே பேசுவார். உள்ளே பித்தளை நாக்குகள் வரிசையாக இருக்கும், காற்றுப் பட்டால் அவைதான் பாடும். “நுனியில சுரண்டினா ஏறும், அடியில சுரண்டினா எறங்கும்” என்று அவர் சொன்னது எனக்குச் சொன்னதா, நாக்குக்குச் சொன்னதா தெரியாது. எனக்கு ஒரு தடவை கேட்டால் போதும்.

சங்குச் சதை நோண்டுகிற சின்னக் கத்தி ஒன்று எப்போதும் என் இடுப்பில் இருக்கும். மேல்பலகையைக் கழற்றி, அந்தக் கட்டைக்குரிய இரண்டு நாக்கையும் அடியில் சுரண்டினேன். கொஞ்சம் சுரண்டுவது, அழுத்திக் கேட்பது, வாயை மூடி நான் ‘ம்’ பிடிப்பது, மறுபடி சுரண்டுவது. அலையுது, அலையுது, அலையுது, கட்டியாச்சு. பெட்டியைக் கெடுக்கவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அதை நேராக்குகிறேன் என்றுதான் நினைத்தேன். படித்தவர் ஒருவர் தப்பாக வைத்திருந்ததை நான் சரியாக்கிவிட்டேன் என்கிற மிதப்பில் பலகையை மூடிவிட்டு, பித்தளைத் தூளையும் சேர்த்து அன்றைக்குத் தரையைக் கழுவினேன்.

மறுநாள் ஒத்திகையில் பெண்கள் பாட, பெட்டி அவர்களோடு அப்படியே ஒட்டிக்கொண்டது. நான் வாசலோரம் நின்று கேட்டேன். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். முடித்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? “ஒரு ஆளு வெளிய போனதும் எப்படிச் சேருது பாத்தியளா!” அதற்கும் பெண்கள் சிரித்தார்கள். நான் சரியாக்கியதை வைத்தே என்னை மட்டந்தட்டினார். அன்றைக்கே போய், “சேத்து வச்சது நாந்தான்” என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் திட்டு எனக்கு மட்டும் விழுந்து முடிந்திருக்கும். ரோஷம் விடவில்லை.

ஈஸ்டர் பாஸ்கா முடிந்து, உறுதிபூசுதல் கொடுக்க மேற்றிராணியார், அதாவது ஆயர், வந்த ஞாயிறு. ஆண்கள் பாடுகிற பாட்டுக்காக மாஸ்டர் அன்றைக்குத்தான் சுருதியை மாற்றினார். முதல் வரியிலேயே அந்தக் கட்டை ஓநாய்மாதிரி ஊளையிட்டது. அவர் சமாளிக்கப் பார்த்தார். எந்தப் பக்கம் போனாலும் அது குறுக்கே வந்தது. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மேற்றிராணியார் திரும்பிப் பார்த்தார். எனக்கு முதலில் மனசு குளிர்ந்தது, பொய் சொல்லமாட்டேன். நீ உள்ளே புரண்டாய். அந்தக் குளிர்ச்சி பூசை முடிகிறவரைக்கும்தான்.

பூசை முடிந்ததும் ஆள் அனுப்பிச் சவரிமுத்துவைக் கூட்டிவந்தார்கள். கோயில் முற்றத்தில் ஊரே நிற்கிறது. அவர் பெட்டியைத் திறந்து, நாக்கைத் தொட்டுப் பார்த்து நிமிர்ந்தார்.

“நான் அந்தக் கட்டையத் தொடவே இல்ல மாஸ்டர்.”

“பின்ன யாரு தொட்டா? வானத்துலருந்து சம்மனசு எறங்கி வந்து தொட்டுச்சா? பெட்டியக் கடைசியாப் பிரிச்சவன் நீ. குடிச்சிட்டுக் கைய வச்சிருக்க.”

“துருத்திதான் மாஸ்டர் ஒட்டினேன்.”

“இனிமே இந்தக் கோயில் வாசல மிதிக்காத.”

நான் நாலு அடி தூரத்தில் வேப்பமரத்தடியில் நின்றேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றதால் இரண்டு பெண்கள் எனக்கு மோர் கொடுத்தார்கள். குடித்தேன். அந்த மோரின் உப்புகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. வாயைத் திறக்கவில்லை. ஒரு கோயிலில் சொன்னது அடுத்த கோயிலுக்குப் போயிற்று. குடிகாரக் கை என்று பேர் விழுந்தபிறகு கடற்கரையில் யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

உனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது, திருநெல்வேலிக்குப் போகிற வழியில், நம் பக்கத்துக் குட்டி ஊரான புதுக்கோட்டையில் பஸ் மாறினோம். எதிரே சைக்கிள் கடையில் டியூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தவர் சவரிமுத்து. உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு நான் ஒதுங்கப் பார்த்தேன். அவரே கூப்பிட்டார்.

“நல்லாருக்கியாம்மா? இப்பமும் பாடுதியா?”

“வீட்டுல பாடுவேன்.”

“பாடு, பாடு.” டியூபைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “அந்தக் கட்டைய அளவா எறக்கியிருந்துது பாத்துக்க. மயிரிழை கூடல, குறையல. குடிகாரன் கைக்கு அம்புட்டு நிதானம் வராது.” சிரித்தார். என்னைப் பார்த்துச் சிரித்தாரா, சும்மா சிரித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டேன். அடுத்த பஸ் அரைமணி நேரத்தில் வரும். நின்றிருக்கலாம்.

இத்தனையும் செய்தவள்தான், நீ பத்தாம் வகுப்பில் எனக்குத் தெரியாமல் அந்த மாஸ்டரிடம் போய்க் கீபோர்டு கற்றுக்கொண்டாய் என்று தெரிந்ததும், ஒரு தவக்காலம் முழுக்க உன்னோடு பேசாமல் இருந்தேன். நீ பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே உன் அப்பாவிடம், “அவனுக்குக் குழம்பு வேணுமான்னு கேளுங்க” என்பேன். அவரும் துறைமுகத்தில் கிரேனுக்குச் சைகை காட்டுவதுபோல உன் பக்கம் கையைக் காட்டுவார், நீ சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டுவாய். அந்த வருஷம் உன் குரல் உடைந்தது. நீ பிள்ளைக் குரலில் கடைசியாகப் பாடியதைக் கேட்காமல் போனேன். என் ரோஷத்தால் எனக்கு நானே செய்துகொண்டது அது. நீ என்னிடம் இல்லாததை எல்லாம் அந்த ஆளிடம் கற்றுத்தான், பிறகு அவர் பெட்டியால் முடியாததைச் செய்கிற ஒன்றைச் செய்தாய். இதை ஒப்புக்கொள்ள எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று.

உன் செயலி எனக்குக் காட்டியது இரண்டு காரியம். நான் தப்பாகப் பாடவில்லை என்பது ஒன்று, அது எனக்கே தெரியும். மற்றது, மாஸ்டரும் பொய் சொல்லவில்லை. அவர் பெட்டிக்கு வளையத் தெரியாது. ஒரு பாட்டுக்கு நேராக வைத்தால் அடுத்த பாட்டில் அழும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். “என் பெட்டி ஒன் தொண்டைக்கு வராதும்மா” என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேன். சொல்லவில்லை, என் தொண்டையைக் குற்றம் சொன்னார். அந்தக் கோபம் என்னோடு கல்லறைக்கு வரட்டும். ஆனால் அவர் செய்ததையே நானும் செய்தேன். நான் சரி என்கிற ஒன்றே போதும் என்று கத்தியை எடுத்தேன், அடுத்து யார் பாடுவார்கள், எந்தச் சுருதியில் பாடுவார்கள், தப்பாகப் போனால் யார் தலையில் விழும் என்று பார்க்கவில்லை. நீயும் என் மகன், உனக்கும் நான் சரி என்கிற எண்ணம் அதிகம். உன் பெண்டாட்டியோடு பேசும்போது அது உன் குரலில் எனக்குக் கேட்கிறது. சரியாக இருக்கிற அன்றைக்குத்தான் கையைக் கொஞ்சம் மெதுவாக நீட்ட வேண்டும், ஐயா. வேறு புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

போன வாரம் நான் பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போனேன். சவரிமுத்து இல்லை, போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்றாம். மகள் இருக்கிறாள், தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். மிஷினை நிறுத்தாமல் கேட்டாள். நான் முடித்தபிறகுதான் காலை எடுத்தாள்.

“எங்கப்பா சாவுற வரைக்கும் ஒரு சொட்டு குடிச்சதில்ல ஆச்சி.”

“தெரியும்மா.”

“எனக்கும் தெரியும். எங்கிட்ட வந்து சொல்லி என்னத்துக்கு? அன்னைக்கு கோயில் முத்தத்துல நின்னு கேட்டாவளே, அவுங்ககிட்டச் சொல்லணும்.”

“பாதிப்பேரு செத்துட்டாவ.”

“மீதிப்பேரு இருக்காவல்லா?”

காப்பி கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் எனக்குக் கஷ்டமாக இருந்திருக்கும்.

ஆகவே என் பதில் இதுதான். பதினொரு புலம்பலையும் உன் செயலியோடு சேர்த்து யாருக்கு வேண்டுமானாலும் கொடு. பிரிக்கட்டும், மாற்றட்டும், நான் கண்ணால் பார்த்திராத ஊரில் இருக்கிறவர்கள் தங்கள் பாட்டை அதன்மேல் வைத்துப் பாடட்டும். செயலியோடு ‘முதலில் படிக்கவும்’ என்று ஒரு தாள் வைப்பாய் என்று சொன்னாய் அல்லவா, அதில் இந்தக் கடிதத்தை ஒரு வரி குறைக்காமல் போடு. ஒன்று அச்சடித்துக் கோயில் அறிவிப்புப் பலகையில் நானே குத்தி வைக்கிறேன். பங்குச் சாமியாரிடம் கேட்டுவிட்டேன். அவர் பலகையில் குத்துகிற ஊசியை எடுத்துத் தந்தார்.

இன்னும் ஒன்று. சுரவரிசைகளுக்கெல்லாம் பேர் போட்டு ஒரு பட்டியல் காட்டினாயே, அதில் என் தொண்டையிலிருந்து எடுத்ததற்கு ‘அம்மா’ என்று வைத்திருந்தாய். அதை அழித்துவிட்டு ‘சவரிமுத்து’ என்று போடு. மாஸ்டருக்கும் கொடு. நீயே வீட்டுக்குப் போய் அவர் கணினியில் போட்டுக் கொடு, எப்படித் திறப்பது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடு. வயதாகிவிட்டது, கண் மங்கியிருக்கும், எழுத்தைப் பெரிதாக வை. என் பாட்டு அவருக்கும் கேட்கட்டும். சவரிமுத்து என்கிற அந்தப் பேரை அவர் தொட்டால்தான் அது பாடவேண்டும்.